பெங்களூரிலிருந்து கோவைக்கு ஒரு ரேஸ் கார்ட்: யாரிடம் கொடுத்து அனுப்புவது, எப்படிக் கட்டுவது?

பீளமேட்டுக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 13 வயது. கோ-கார்ட் (தரையோடு ஒட்டி ஓடும் சின்னப் பந்தய வண்டி) ஓட்டுகிறாள். இதுவரை வாடகைக் கார்ட்டில்தான் பழகினாள். இந்த சீசனில் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, பெங்களூரு ஹென்னூர் பக்கம் ஒருவரிடம் பேசி முடித்திருக்கிறோம். ரோட்டாக்ஸ் ஜூனியர் மேக்ஸ் இன்ஜின். ஓடிய வண்டிதான், ஆனால் நன்றாகப் பராமரித்திருக்கிறார். கூடவே ஒரு செட் மழை டயர், உலர் தளத்துக்கு ஒரு செட், ஸ்டாண்டு, உதிரிப் பாகப் பெட்டி. எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்துக்குப் பக்கம்.

அதைக் கோவைக்குக் கொண்டுவருவதில்தான் குழப்பம். விசாரித்த மூன்று இடத்திலும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒரு பார்சல் சர்வீஸில் "பைக் மாதிரிதானே சார், கொண்டுவந்து போட்டுட்டுப் போங்க" என்றார்கள். வீட்டுச் சாமான் ஏற்றும் ஒரு கம்பெனி, இடம் மிச்சமாகும் என்று செங்குத்தாக நிறுத்தி ஏற்றுவார்களாம். மூன்றாவது இடத்தில் ஆர்.சி. நகல் இல்லாமல் புக் பண்ண முடியாது என்கிறார்கள். ரேஸ் கார்ட்டுக்கு ஏது ஆர்.சி.?

வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வண்டி கோணாமல் வந்து சேர வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்ப்ராக்கெட்11

அண்ணா, "பைக் மாதிரிதானே" என்று சொன்ன இடத்தை முதலில் விட்டுவிடுங்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் அந்த நினைப்போடு கட்டினால் வண்டி போய்விடும்.

பைக்கை ஏற்றும்போது ஹேண்டில்பாரில் பெல்ட் போட்டுக் கீழே இழுப்பார்கள். முன் ஃபோர்க் அமுங்கிக்கொடுக்கும், பெல்ட் விறைப்பாக நிற்கும். கார்ட்டில் ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. குரோமோலி குழாயால் ஆன சட்டம்தான் வளைந்துகொடுத்து சஸ்பென்ஷன் வேலையைப் பார்க்கிறது. திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புவதிலும் அந்த வளைவுக்குப் பங்கு உண்டு. அதனால் ராட்செட்டை (பெல்ட்டை இறுக்கும் கருவி) போட்டு இழுக்கிற இழுப்பு முழுவதும் சட்டத்துக்கும், முன்சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்ஸிலுக்கும், பின் ஆக்ஸிலுக்கும் போகிறது. ஒரு இரவு முழுக்க அப்படி இழுத்து வைத்து, வழியெல்லாம் குலுக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. டிராக்கில் இடது திருப்பத்தில் ஒரு மாதிரியும் வலது திருப்பத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்போதுதான் தெரியும். அப்போது யாரிடம் போய்க் கேட்பது?

வண்டி யாருடையது என்பதைவிட, எப்படிப் பிடித்துவைத்து ஏற்றுகிறார்கள் என்பதில்தான் நீங்கள் பிடிவாதம் காட்ட வேண்டும்.

லாரிஷெட்

வணக்கம் சார். நான் சங்ககிரியில் டிரான்ஸ்போர்ட் புக்கிங் பார்க்கிறேன். கார்ட்டின் உள்விவரம் எனக்குத் தெரியாது, அதைத் தம்பி சொல்லிவிட்டார். லாரிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பார்ட் லோடு. பத்துப் பேர் சரக்கோடு உங்கள் சரக்கும் போகும். வாடகை குறைவு. ஆனால் பெங்களூரில் ஏற்றிய வண்டியே கோவையில் இறக்கும் என்று எண்ண வேண்டாம். இடையில் சேலத்திலோ ஈரோட்டிலோ கோடவுனில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் புது லோடுமேன்கள், புது அடுக்கு. மேலே மூட்டை ஏறாது என்று யாராலும் உறுதி தர முடியாது.

இன்னொன்று தனி வண்டி. இதில் ரிட்டர்ன் லோடு பார்த்துப் பிடியுங்கள். கோவையிலிருந்து பம்ப்செட், மோட்டார், கிரைண்டர் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகும் சின்ன வண்டிகள் நிறைய உண்டு. இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலியாக வருவதற்குப் பதில் குறைந்த வாடகைக்கும் வரத் தயாராக இருப்பார்கள். டிரைவர் கோவைக்காரராக இருந்தால் பேசுவதும் சுலபம்.

மஞ்சள் போர்டு வண்டி மட்டும்தான். வெள்ளை போர்டு பிக்கப்பை வாடகைக்குப் பிடித்து, வழியில் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் நிற்காது.

ஹோசூர் ரோடு

பார்ட் லோடு பற்றி அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். போன வருடம் எங்கள் கல்லூரி அணி செய்த கார்ட்டைப் பார்ட் லோடில்தான் அனுப்பினோம். மேலே எதுவும் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தோம். இடையில் மாற்றியபோது அந்தக் காகிதம் உள்பக்கம் திரும்பிவிட்டது போலிருக்கிறது. சீட்டுக்குள் சரக்கு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஃபைபர் சீட் வெடித்து, சீட்டைத் தாங்கும் கம்பி (சீட் ஸ்டே) வளைந்து வந்தது. டெலிவரி எடுத்த இடத்தில் கேட்டதற்கு, புக்கிங் ரசீதில் "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று முத்திரை இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். போட்டிக்கு முந்தின நாள் வேறு சீட் தேடி அலைந்த அந்த மனக்கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது.

பார்ட் லோடுதான் கட்டுப்படியாகும் என்றால் கிரேட், அதாவது கூண்டுப் பெட்டி அடித்துத்தான் அனுப்ப வேண்டும். பீன்யாவில் ஆங்கிள் இரும்பில் ஃபிரேம் அடித்து, பக்கவாட்டில் பிளைவுட் போட்டுத் தருவார்கள். மேல்மூடியும் இருக்க வேண்டும், மூடி எடை தாங்கவும் வேண்டும்.

பீளமேட்டுக்காரர்

நன்றி. கிரேட் செலவையும் சேர்த்துப் பார்த்தால் தனி வண்டியே மேல் என்று படுகிறது. குட்டி யானை போதுமா, பெரியதாகப் பார்க்க வேண்டுமா? செங்குத்தாக நிறுத்துவது பற்றியும் சொல்லுங்கள். வெளிநாட்டு ரேஸ் அணிகளின் லாரிப் படங்களில் அப்படித்தானே நிற்க வைத்திருக்கிறார்கள்?

பிட்லேன்

அந்தப் படங்கள் உண்மைதான். ஆனால் அங்கே கார்ட்டைப் பிடிப்பதற்கென்றே செய்த ரேக் இருக்கும், சுவரோடு போல்ட் அடித்திருப்பார்கள். வீட்டுச் சாமான் லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்துவது அந்தக் கணக்கில் வராது. மொத்த எடையும் பின் பம்பரில் உட்காரும். அது இடி தாங்கச் செய்த பிளாஸ்டிக், மணிக்கணக்கில் குலுக்கலோடு எடை தாங்கச் செய்ததல்ல. தவிர, ரோட்டாக்ஸில் இருப்பது மிதவை வைத்த கார்புரேட்டர். செங்குத்தாக நிறுத்தினால் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வழியும். படுக்கை வசமாக, நான்கு சக்கரமும் கீழே இருக்கிற மாதிரிதான் வர வேண்டும்.

வண்டி அளவு: கார்ட்டின் மொத்த அகலம் விதிப்படி அதிகபட்சம் 1.4 மீட்டர், அதாவது 4 அடி 7 அங்குலம். குட்டி யானையின், அதாவது டாடா ஏஸின் உள் அகலம் 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு. போகும், ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம்தான் மிஞ்சும். கட்டைகூட வைக்க முடியாது. நீளமும் 7 அடிதான் என்பதால் டயர் செட்டும் ஸ்டாண்டும் கார்ட்டின் மேல்தான் ஏற வேண்டிவரும். தோஸ்த் அல்லது பொலேரோ பிக்கப் பாருங்கள். வாடகை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

ஏற்றுவதற்கு முன் இன்ஜினைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்துவிடுங்கள் என்பது என் யோசனை. எடை குறையும், திருட்டுப் பயமும் இல்லை, ரேடியேட்டரும் தப்பிக்கும்.

ஸ்ப்ராக்கெட்11

மற்றதெல்லாம் சரி, இன்ஜின் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அண்ணா இப்போதுதான் முதல் கார்ட் வாங்குகிறார். அங்கே விற்பவர் கழற்றிக் கொடுப்பார். இங்கே வந்ததும் யார் மாட்டுவது? மவுன்ட் கிளாம்பைச் சரியாக உட்கார வைத்து, செயின் நேர் பார்த்து, தண்ணீர்க் குழாயில் காற்று நிற்காமல் நிரப்ப வேண்டும். முதல் நாளிலேயே இதெல்லாம் தலையில் விழ வேண்டாம். தனி வண்டியில் மேலே எதுவும் ஏறப்போவதில்லை. இன்ஜின் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பேட்டரி, லேப் டைமர், முன் மூக்கு பம்பர், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் எண் பலகை இவற்றை மட்டும் கழற்றிக் காரில் கொண்டுவாருங்கள்.

பிட்லேன் சொல்லும் திருட்டுப் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அதைவிட முக்கியம் சீல். ரோட்டாக்ஸ் இன்ஜினில் எண் போட்ட சீல் இருக்கும், அதற்கான அடையாள அட்டையும் இருக்கும். அந்தச் சீல் அறுந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் திறந்து பார்த்து மறுபடி சீல் வைக்கும்வரை போட்டியில் ஓட்ட முடியாது. கயிறு உரசியோ, யாராவது இன்ஜினைப் பிடித்துத் தூக்கியோ அது அறுபட வாய்ப்பு உண்டு. அதன் மேல் துணி சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். ஏற்றுவதற்கு முன் சீல் எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துப் படம் எடுங்கள். சேஸிஸ் எண்ணையும் சேர்த்து.

பிட்லேன்

தம்பி சொல்வது முதல் கார்ட்டுக்குச் சரி. பின்வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கிரேட்டில் போட்டுப் பார்ட் லோடில் அனுப்புகிறவர்களுக்கு என் கருத்து அப்படியே நிற்கிறது: இன்ஜின் தனியாகத்தான் வர வேண்டும்.

பீளமேட்டுக்காரர்

ஏஸ் வேண்டாம், தோஸ்த் அல்லது பிக்கப் என்று முடிவு செய்துவிட்டேன். லாரிஷெட் சார், காகித விஷயம் சொல்லுங்களேன். விற்பவர் தனிநபர், நானும் தனிநபர், இரண்டு பேருக்கும் ஜி.எஸ்.டி. எண் இல்லை. இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போட வேண்டுமா? வழியில் பிடித்தால் என்ன காட்டுவது?

லாரிஷெட்

சார், ஆர்.சி. கேட்டவர் இதை வாகனம் என்று நினைத்துவிட்டார். சாலையில் ஓட்டப் பதிவு செய்யாத கார்ட், நம் கணக்கில் வெறும் சரக்குதான். "ரேஸ் கார்ட், பழையது, பதிவுக்கு உட்படாதது, சொந்தப் பயன்பாடு" என்று எழுதிப் புக் பண்ணச் சொல்லுங்கள்.

50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும் என்பது பொது விதி. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஒருவர் பதிவு இல்லாத இன்னொருவருக்கு அனுப்பும்போது, விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் விதி சொல்கிறது. கட்டாயமில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் போட்டுவிடுங்கள் என்பேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ராத்திரியில் பறக்கும் படை நிறுத்தினால், டிரைவரால் இந்த விதியை விளக்கிக்கொண்டு நிற்க முடியாது. ஒரு எண்ணைக் காட்டினால் வண்டி கிளம்பிவிடும். இ-வே தளத்தில் பதிவு இல்லாத பொதுமக்களுக்கென்றே தனி வழி இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். உங்களுக்கு 360 கிலோமீட்டர் சொச்சம், அதனால் இரண்டு நாள் கிடைக்கும். வண்டி எண் மாறினால் அதையும் உடனே மாற்ற வேண்டும்.

கூடவே விற்பவர் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், உங்களுடையது, பணம் அனுப்பிய ரசீது. டிரைவரிடம் ஒரு செட், உங்களிடம் ஒரு செட்.

அடுத்து, எல்லோரும் கோட்டைவிடுகிற இடம். சரக்கின் மதிப்பைப் புக்கிங்கில் எழுதுங்கள். 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் வந்த 2011 விதிகளும் என்ன சொல்கின்றன என்றால், சரக்கு சேதமானால் டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்குதான். வாடகை 3,000 என்றால் 30,000. உங்கள் பொருள் நான்கு லட்சம். அதற்கு மேல் பொறுப்பேற்க வேண்டுமென்றால், கூடுதல் ரிஸ்க் கட்டணம் தருவதாக முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். சேதம் இருந்தால் புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குக்கே போக முடியும்.

அதனால் தனியாக டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுப்பது நல்லது. உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. ஏ எல்லா ஆபத்துக்கும். பி என்றால் மோதல், கவிழ்தல், தீ போன்று பெயர் சொன்ன ஆபத்துகளுக்கு மட்டும். பழைய பொருள் என்றால் பி-யோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். ஏ எடுத்தாலும், சரியாகப் பேக் செய்யாததால் வந்த சேதம் என்று கண்டால் பணம் வராது. ஏற்றிக் கட்டிய பிறகு எல்லாப் பக்கமும் படம் எடுத்துவையுங்கள்.

தனி வண்டி பிடித்தாலும் எல்.ஆர். (லாரி ரசீது) கேட்டு வாங்குங்கள். வாய்ப் பேச்சில் விட வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டை

ரயில் பார்சலை யாரும் சொல்லவில்லையே? என் நண்பர் பைக்கை அப்படித்தான் அனுப்பினார், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

பிட்லேன்

பைக்குக்கு நல்ல வழி. கார்ட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். பார்சல் வேனில் உங்கள் சரக்கு மட்டும் இருக்காது. தவிர, கோவையோடு நிற்காமல் எர்ணாகுளம் வரை போகும் வண்டியாக இருந்தால் சில நிமிட நிறுத்தத்தில் இறக்கியாக வேண்டும். அந்த அவசரத்தில் எங்கே பிடித்துத் தூக்குவார்கள்? பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியான சைடு பாடைத்தான் பிடிப்பார்கள். நான்கு பேர் நிதானமாக, சட்டக் குழாயைப் பிடித்துத் தூக்க வேண்டிய பொருள் இது. டிரைவர் இல்லாமல் 80 கிலோ அளவில்தான் இருக்கும், தூக்குவது கஷ்டமில்லை. பிடிக்கிற இடம்தான் முக்கியம்.

பீளமேட்டுக்காரர்

வண்டி கிடைத்துவிட்டது. மோட்டார் இறக்கிவிட்டுத் திரும்பும் கோவைப் பிக்கப். மஞ்சள் போர்டு, எல்.ஆர். தருகிறார்கள். நானும் மகளும் முந்தின நாளே காரில் போய்விடுகிறோம். ஸ்ப்ராக்கெட் தம்பி, எப்படிக் கட்டுவது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுங்கள். விற்பவரின் மெக்கானிக் கூட இருப்பார்.

ஸ்ப்ராக்கெட்11

சொல்கிறேன் அண்ணா. நீங்களே பக்கத்தில் நின்று செய்யப்போகிறீர்கள் என்பதே பாதி வேலை முடிந்த மாதிரி.

கட்டுவதற்கு முன், டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் கலவை, கசிந்தால் நாற்றமும் ஆபத்தும். டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தையும் திறந்து காலி செய்து, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை அப்படியே விடலாம். சைலன்சர் வாயையும் காற்று உறிஞ்சும் பெட்டியின் வாயையும் துணியால் அடைத்து டேப் போடுங்கள், லாரித் தூசி உள்ளே போகக் கூடாது.

அடுத்து அளவு. சமதளத்தில் வைத்து, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் மையத்திலிருந்து பின் ஆக்ஸில் மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி ஆக்ஸிலைச் சுற்றிவிட்டு, பிரேக் டிஸ்க் ஆடுகிறதா என்று வீடியோ எடுங்கள். விற்பவர் முன்னாலேயே செய்யுங்கள். இறக்கியபின் ஏதாவது தெரிந்தால் அது பழசா, வழியில் ஆனதா என்று சண்டை வராது.

பிக்கப் தளத்தில் வரி வரியாக மேடு இருக்கும். அதன் மேல் பிளைவுட் போட்டு, அதற்கு மேல் ரப்பர் பாய். டயரில் காற்றை ஓட்டும்போது வைப்பதைவிடச் சற்றுக் கூட வையுங்கள். இல்லையென்றால் டயர் பந்து மாதிரி எம்பி எம்பி பெல்ட் தளரும். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துப் பிளைவுட்டோடு ஆணி அடித்துவிடுங்கள். வண்டி முன்பின் நகராமல் தடுப்பது இந்தக் கட்டைதான். பெல்ட்டின் வேலை மேலே எழும்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும். இதை லோடுமேனுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ராட்செட்டை இழுப்பார்.

பெல்ட் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. துணி லூப்பைச் சட்டத்தின் முக்கியக் குழாயில் மாட்டுங்கள். லூப் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே, தரைக்கும் குழாய்க்கும் நடுவில், ரப்பர் ஒட்டிய கட்டை ஒன்று முட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது இழுக்கிற விசை கட்டையில் போய் நிற்கும், குழாய் வளையாது. ஸ்டியரிங் தண்டு, டை ராடு, ஆக்ஸில், சீட், சைடு பாடு, பிரேக் குழாய் பக்கம் பெல்ட் போகவே கூடாது. தாம்புக்கயிறு வேண்டாம், அது குழாயின் பெயின்டை அறுத்துவிடும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, திரும்பாத அளவுக்குச் சீட்டோடு லேசாகக் கட்டினால் போதும்.

டயர் செட்டும் உதிரிப் பெட்டியும் கேபின் பக்கச் சுவரோடு சேர்த்துத் தனியாகக் கட்டுங்கள். மெக்னீசியம் ரிம் என்றால் ஒன்றோடு ஒன்று முட்டாமல் நடுவில் அட்டை. கடைசியில் தார்பாய். அது படபடக்காமல் இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் கோவை சேர்வதற்குள் ஸ்டிக்கர் எல்லாம் உரசிப் போயிருக்கும்.

ஹோசூர் ரோடு

அத்திப்பள்ளி தாண்டியதும் ஒரு தடவை நிறுத்திப் பெல்ட்டைப் பாருங்கள், முதல் அரை மணி நேரத்தில்தான் தளரும். அப்புறம் தொப்பூர் இறக்கம். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் அந்த இறக்கத்தில் லாரி விபத்து அடிக்கடி நடக்கிறது. இறங்குவதற்கு முன் ஒரு டீ குடிக்கச் சொல்லி, கட்டியிருப்பதை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கியரில் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். டிரைவரைத் தூக்கத்தில் விரட்டாதீர்கள். வாடகையில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் பகலில் கொண்டுவருவது மேல்.

லாரிஷெட்

பகலில் என்றால் பெங்களூரை விட்டு விடியற்காலையிலேயே வெளியேறிவிட வேண்டும். நகருக்குள் சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. முந்தின நாள் மாலையே ஏற்றிக் கட்டி வைத்துவிடுவது நல்லது. ராத்திரி முழுக்க பெல்ட்டை இறுக்கமாக வைக்க வேண்டாம் என்றால், காலையில் கிளம்பும்போது இறுக்கிக்கொள்ளுங்கள்.

பீளமேட்டுக்காரர்

வந்து சேர்ந்தது! எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே செய்தோம். டிரைவர் ரொம்பப் பொறுமையான மனிதர். தொப்பூருக்கு முன் அவராகவே நிறுத்திக் கட்டியிருப்பதைப் பார்த்தார். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு இடத்தில் அதிகாரிகள் நிறுத்தினார்கள். இ-வே எண்ணையும் விற்பனைக் கடிதத்தையும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். சீல் பத்திரமாக இருக்கிறது, டிஸ்க் ஆடவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். இறக்கி அளந்தபோது கிங்பினுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் இடது பக்கம் 3 மில்லிமீட்டர் கூடுதல். பயந்துபோய்ப் பெங்களூரில் எழுதிவைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே 3 மில்லிமீட்டர். அப்படியானால் வழியில் ஆனதல்ல. ஆனால் இது சட்டத்தில் இருக்கும் கோணலா? விற்பவரிடம் பேச வேண்டுமா?

ஸ்ப்ராக்கெட்11

அவசரப்பட்டுப் பேச வேண்டாம் அண்ணா. கிங்பின்னின் மேலும் கீழும் வட்டமாக 'பில்' என்று ஒரு சின்ன வளையம் இருக்கும், கிங்பின், சக்கரச் சாய்வுகளை (கேஸ்டர், கேம்பர்) மாற்றுவதற்கு. ஒரு பக்கம் அது வேறு நிலையில் இருந்தால், கிங்பின் தலையிலிருந்து அளக்கும்போது இதே மாதிரி வித்தியாசம் காட்டும். இரண்டு பக்கப் பில்லிலும் உள்ள புள்ளிக் குறி ஒரே திசையைப் பார்க்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டையும் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள். அதன் பிறகும் 3 இருந்தால், பின் ஆக்ஸிலைத் தாங்கும் பேரிங் கேசட் இரண்டு பக்கமும் ஒரே துளையில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் வித்தியாசம் போகவில்லை என்றால்தான் சட்டத்தை நேர் பார்க்கும் மேசையில் ஏற்றிப் பார்க்கும் பேச்சு.